தெரியாது என்பதற்கு எத்தனை புள்ளி?

“நீங்க தெருவால நடந்து போறீங்க. வழியில ஒரு பொதி கிடக்குது. ஆரோ தவற விட்டிட்டுப் போனது. நீங்க என்ன செய்வீங்க?”

கேட்டவர் பிள்ளைகளின் நுண்ணறிவை அளக்க வெளி மாவட்டத்திலிருந்து வந்த மதிப்பீட்டு அலுவலர். சுபா மிஸ் என்று அழைப்போம். பதில் சொல்ல வேண்டியவள் யதுர்சிகா. விசுவமடுவுக்கு அப்பால் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளை. எங்களுக்கு யது. இடம் அதிபரின் அறை. தனியே உள்ளே வரமாட்டேன் என்று யது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால், வகுப்பாசிரியை என்ற முறையில் என்னையும் பின்னால் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். வாய் திறக்கக் கூடாது என்பது எனக்கிட்ட கட்டளை.

அதுவரை கேட்ட எல்லாவற்றுக்கும் யது ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தாள். “தெரியாது.” வாரத்தில் எத்தனை நாள்? தெரியாது. அரிசி எதிலிருந்து வருகிறது? தெரியாது. நெல்லு வயலுக்கும் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டத்துக்கும் நடுவில் பிறந்த பிள்ளை, அரிசி எதிலிருந்து வருகிறது என்று தெரியாதாம். எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை.

பொதி என்றதும் அவள் நிமிர்ந்தாள்.

“தொடமாட்டன். கிட்டவும் போகமாட்டன். வந்த காலடியிலயே திரும்பி வருவன். பெரியாக்களிட்டச் சொல்லுவன். அவை வரும்வரைக்கும் சின்னப்பிள்ளையள அந்தப் பக்கம் விடமாட்டன்.”

நான் கை தட்டாத குறை. சுபா மிஸ் தடித்த கையேட்டைப் புரட்டி, விரலை ஒரு வரியில் ஓட்டினார். பிறகு பென்சிலை எடுத்தார். பின்னாலிருந்தே பார்த்தேன், அந்தப் பென்சில் ஒரே சுற்றாகச் சுற்றி வந்து நின்றது. பூச்சியம்.

கையேட்டின்படி சரியான விடை, பொதியை எடுத்து உரியவரிடமோ பொலிசிடமோ ஒப்படைப்பது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் ஆசிரியர் நியமனம் பற்றி எழுதியதை வாசித்த ஒருவர், “பிள்ளைக்குப் பெருமை கொஞ்சம் கூடிப்போச்சு” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஓம், கூடத்தான். தாயும் தகப்பனும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத வீட்டிலிருந்து வந்து ஆசிரியையாக நிற்பவளுக்குப் பெருமை வராமல் என்ன வரும்? இந்த வாரம் அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பூச்சியம் குறுக்கே வந்துவிட்டது.

ஒரு எண் வந்தது

கொஞ்ச நாளில் அறிக்கை வந்தது. அதன் அடியில் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்கியூ, என்று ஓர் எண். அதை இங்கே எழுதமாட்டேன். அது ஒரு பிள்ளையின் எண். அவள் வளர்ந்து இந்த வார இதழை வாசிப்பாள் என்று நம்புகிறேன்.

எண்ணுக்குக் கீழே பரிந்துரை. விசேட கல்வி அலகுக்கு மாற்றலாம்.

அலகு இருப்பது பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் பஸ் வரும் நாளில் வரும். யதுவின் தாய் புஸ்பராணி அக்கா கூலி வேலைக்குப் போகிறவர், தகப்பன் கொழும்பில் கட்டட வேலை. யார் கூட்டிக்கொண்டு போவது? காகிதத்தில் அது பட்டினத்துப் பள்ளிக்கூடம். உண்மையில் அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கச்சான் பிடுங்கப் போவாள். இதற்கு முன் அப்படி மாற்றப்பட்டவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அதிபரிடம் போனேன். அவர் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் வளர்ந்த மனிதர். நல்லவர். ஆனால் எதையும் எதிர்த்து நிற்க அவருக்குப் பஞ்சி, அலுப்பு.

“சேர், அவள் வகுப்பில வாய் மூடுறதில்லை.”

“அது ரிப்போட்டில இல்லையே பிள்ளை.”

“யானை வேலி தாண்டின கதையை அவள் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே?”

கேட்டிருந்தார். மின்சார வேலிக்கு யானை எப்படி வேலை காட்டுகிறது என்று யது ஒருநாள் வகுப்புக்கே விளக்கினாள். யானை கம்பியில் முட்டாது. பட்ட மரம் ஒன்றைத் தள்ளிக் கம்பியின் மேல் விழுத்தும். கம்பி சாய்ந்ததும் மரத்தின் மேல் கால் வைத்து வரும். “ஏனெண்டால் மரத்தால கரண்ட் பாயாது ரீச்சர். அது ஒருக்காத் தும்பிக்கையைச் சுட்டுப் படிச்சிருக்கும்.” யானைக்கு யாரும் நுண்ணறிவு ஈவு பார்த்து வேறு காட்டுக்கு மாற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

“எண்ணோட சண்டை பிடிக்கேலாது பிள்ளை,” என்றார் அதிபர். “இப்ப அது மேல போயிடும். மேல போனால் பிறகு அதுதான் யது.”

மாடு, ஆடு, நாய், யானை

எண்ணோடு சண்டை பிடிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பதே வேறு கேள்வி. ஏனென்றால் என்னை ஆளாக்கியதும் இதே எண்தான்.

யுத்தம் முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பித் தகரக் கொட்டிலில் பள்ளிக்கூடம் நடந்த காலம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு எங்களைத் தயார் செய்தார்கள். அதில் ஒரு பகுதி நுண்ணறிவு. நான்கில் பொருந்தாதது எது? மாடு, ஆடு, நாய், யானை.

நான் நாய் என்று கோடிட்டேன். விடை யானையாம். மற்ற மூன்றும் வீட்டுப் பிராணிகள்.

“ஏன் நாய் போட்டனி?” என்றார் ரியூசன் சேர்.

“மற்ற மூண்டும் பயிரைத் தின்னும் சேர். நாய்தான் அதுகளைக் கலைக்கும்.”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. எங்கள் அப்பா அந்த நாட்களில் இரவு இரவாகத் தோட்டக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவரோடு கூடப் போகும் நாய்க்கு எங்கள் வீட்டில் என் தம்பியை விட மதிப்பு.

சேர் சிரிக்கவில்லை, சலித்துக்கொண்டார். “உனக்கு என்ன தெரியும் எண்டு இஞ்ச ஆரும் கேக்கேல்லை. பேப்பர் போட்டவர் என்ன நினைச்சவர் எண்டுதான் கேள்வி.”

அன்றிலிருந்து நான் பேப்பர் போட்டவரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அவருக்கு ஒரு முகம் கொடுத்தேன். கண்ணாடி போட்டிருப்பார். மாடி வீடு. குசினியில் குளிர்சாதனப் பெட்டி. நாய்க்கு ஆங்கிலப் பெயர் வைத்திருப்பார். யானையை மிருகக்காட்சிச் சாலையில் மட்டும் கண்டிருப்பார். கேள்வியை வாசித்ததும், இதற்கு நான் என்ன சொல்வேன் என்று யோசிப்பதை விட்டேன். அவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன்.

புள்ளி ஏறியது. கண்ணாடியில் தெரியும் மணிக்கூடு, இலக்கத் தொடர், மடித்து வெட்டிய கடதாசி, எல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்தன. ஒரு வருடத்தில் கொட்டிலிலேயே கெட்டிக்காரி நான்தான். அதற்குள் என் மூளை வளர்ந்துவிட்டதா? பேப்பர் போட்டவரோடு எனக்குப் பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அம்மா வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே எல்லாரிடமும் சொன்னார்: “எங்க புள்ளைக்கு ஐக்கியூ இருக்காம்!” காப்பு, சங்கிலி மாதிரி அது ஏதோ போட்டுக்கொள்ளும் சாமான் என்று பக்கத்தில் நின்ற பெண் நினைத்திருக்க வேண்டும். “எங்க வாங்கினீங்க?” என்று கேட்டாராம்.

பிறகு பட்டம் முடித்து ஆசிரியர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை எழுதியபோதும் அதே நுண்ணறிவு வந்தது. அதே மணிக்கூடு, அதே தொடர். எங்கள் மண்டபத்தில் எழுதியவர்களில் அந்தத் தாளில் கூடிய புள்ளி எனக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், அன்று பஸ்ஸில் வரும்போது யன்னல் கண்ணாடியில் என் முகத்தை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே ஏணியில் ஏறி வந்துவிட்டு அதை உதைக்கிறாள் என்று சொல்லாதீர்கள். அந்த ஏணியின் எந்தப் படி ஆடும் என்று ஏறி வந்தவளுக்குத்தான் தெரியும்.

சாமினி விசயம்

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதே மதிப்பீடு இன்னொரு பிள்ளைக்கு உயிர் கொடுத்தது.

சாமினியை எல்லாரும் குழப்படிக்காரி என்றார்கள். சொன்னதைச் செய்யமாட்டாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். திமிர் என்று தாய் அடித்தார். சுபா மிஸ்தான் கண்டுபிடித்தார். வாயால் கேட்கும் கேள்விகளில் அந்தப் பிள்ளை தரை மட்டம். கட்டைகளை அடுக்கச் சொன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகளை விட வேகம். ஒரே தலைக்குள் இத்தனை மேடு பள்ளம் இருக்காது, காதைப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். ஒரு காது முற்றாகக் கேட்காது, மற்றது அரைவாசி. இப்போது கருவி போட்டுக்கொண்டு முன் வாங்கில் இருக்கிறாள். குழப்படி மட்டும் குறையவில்லை.

எத்தனை வருடம் வகுப்பில் வைத்துக்கொண்டும் எங்களில் ஒருவருக்கும் பிடிபடாத ஒன்றை அந்தக் கட்டைகள் ஒரு காலை நேரத்தில் காட்டிக் கொடுத்தன. அதனால் அளவுகோலை அடுப்பில் வை என்று நான் சொல்லவில்லை. அடிமட்டக் கோலால் தண்ணீரை அளக்காதே என்றுதான் சொல்கிறேன்.

புஸ்பராணி அக்காவின் முற்றம்

அந்தத் “தெரியாது” எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் வாயடிக்கும் பிள்ளை அந்த அறையில் ஏன் கல்லாகிப் போனாள்? ஒரு பின்னேரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

குளக்கட்டுக்குக் கீழே கடைசி வளவு. தகரக் கூரை, பாதி மண்சுவர். பெரிய வேப்பமரம். மரத்தடியில் ஒரு பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. புஸ்பராணி அக்கா சாக்கு விரித்துப் பிடுங்கிய கச்சான் கொடிகளிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஈர மண் மணத்தது.

“வாங்கோ ரீச்சர், இருங்கோ,” என்றார். எங்கள் இரண்டு குடும்பமும் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவை. ஆட்களுக்கு முன்னாலும் கதை தொடங்கும்போதும் அவர் என்னை ரீச்சர் என்பார், வன்னித் தமிழ் கதைப்பார். தனியே என்றால் தங்கச்சி. கோபம் வந்தால் பழைய தோட்டத்துத் தமிழ் வரும்.

நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கொடியை இழுத்துக்கொண்டேன். “அக்கா, யது ஏன் எல்லாத்துக்கும் தெரியாது தெரியாது எண்டவள்?”

அவர் கை நிற்கவில்லை. “நாந்தான் சொல்லி வளத்தேன். கோப்பு தூக்கிட்டு வந்து கேள்வி கேக்குறவங்களுக்கு ஒரே பதிலு. தெரியாது.”

“அது பள்ளிக்கூட விசயம் அக்கா.”

“கோப்பு கோப்புதானே தங்கச்சி? மேல பள்ளிக்கூடம்னு எழுதியிருந்தா அது வேற மாதிரிக் கடிக்குமா?”

பிறகு கதை வந்தது. யது முதலாம் வகுப்புக்குப் போன காலத்தில் வீட்டுத் திட்டத்துக்கு ஆட்கள் பார்க்க வந்தார்களாம். அக்கா கிணற்றடியில். வந்தவர்கள் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள்.

“மாடு இருக்கான்னாங்க. இவ ‘இருக்கு’ன்னா. இந்தா, இங்கதான் கட்டியிருந்துச்சு. இது நம்ம மாடா? பக்கத்து வீட்டு மாடு! அவங்க வளவுல ஒரு மரமில்ல, அதனால நெழலுக்கு இங்க கட்டுறாங்க. டிவி இருக்கான்னாங்க. ‘இருக்கு’ன்னா. இருக்குத்தான். அது ஓடி எத்தன வருசம்? மேல சாமிப்படம் வச்சிருக்கேன்.”

“பிறகு?”

“மாட்டுக்கு ஒரு புள்ளி, டிவிக்கு ஒரு புள்ளி. நாங்க வசதியான குடும்பமாம்! கல்வீடு யாருக்குப் போச்சு தெரியுமா? பக்கத்து வீட்டுக்கு. அவங்ககிட்ட மாடு இல்லையாம்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா ஒரு கச்சான் காயை எடுத்து என் மேல் எறிந்தார். எறிந்துவிட்டு அவரும் சிரித்தார். பசு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோட்டது.

சிரிப்பு முடிந்ததும் அவர் குரல் இறங்கியது. “அதுக்கு முந்தி, சண்டைக் காலத்துல, கேட்டவங்களுக்கெல்லாம் உள்ளதச் சொன்னதால என்னென்ன ஆச்சுன்னு ஒனக்கு நான் சொல்லணுமா?”

“வேண்டாம் அக்கா.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காய் ஆய்ந்தோம்.

எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ஒரு கோப்புக்கு வாய் திறந்து பதில் சொன்னாள், புள்ளி போட்டு வீட்டை எடுத்தார்கள். அடுத்த கோப்புக்கு வாய் மூடி நின்றாள், புள்ளி போடாமல் பள்ளிக்கூடத்தை எடுக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை இதற்குமேல் என்ன செய்வாள்? பட்டதைப் படித்து, தன் நடப்பை மாற்றிக்கொண்டாள். நுண்ணறிவு என்பதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் விளக்கமாக எழுதியிருந்தார்கள். தும்பிக்கை சுட்ட யானையும் இதைத்தான் செய்தது.

எடுக்கச் சொல்லலாமா?

சுபா மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்னதை வெட்டாமல் கேட்டார்.

“திரும்பச் செய்யலாம் ரீச்சர். ஆனா உடன ஏலாது. ஒருக்காக் கண்ட கேள்வி ரெண்டாந்தரம் லேசாகிடும். பழக்கம் அறிவு மாதிரி வேசம் போடும்.”

“நான் அப்பிடித்தான் மிஸ் ரீச்சரா வந்தனான்.”

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. பிறகு சொன்னார், “உங்களுக்குக் கோபம் எண்டு விளங்குது. இந்தக் கையேடு எங்கயோ இருக்கிற பிள்ளையளை வைச்சுச் செய்தது. மொழியைத்தான் மாத்தினவை. வன்னிப் பிள்ளையளை ஆர் அளந்தவை? எனக்கும் தெரியும். ஆனா கையேட்டை விட்டால் என்ர கண்தான் அளவு. எனக்குப் பிடிச்ச பிள்ளை கெட்டிக்காரி, பிடிக்காத பிள்ளை மொக்கு எண்டு வந்திடும். அது இன்னும் மோசமில்லையா?”

அதிலும் நியாயம் இருந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

எப்படியோ, இன்னொரு தரம் செய்ய ஒத்துக்கொண்டார். விடுமுறை கழித்து வருவதாகச் சொன்னார். அதிபரும், “ஏதோ செய்யுங்கோ, எனக்குத் தலையிடி வராமல்” என்று அறிக்கையை மேலே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

பக்கத்து வகுப்பு வசந்தி ரீச்சர் நடைமுறை தெரிந்தவர். “இதுக்கேன் மண்டையை உடைக்கிறீர்? பொதிக் கேள்விக்கு விடையைச் சொல்லிக் குடும். எடுத்துப் பொலிசிட்டக் குடுப்பன் எண்டு சொல்லட்டும். ஒரு புள்ளியெண்டாலும் புள்ளிதானே?”

அவர் சொன்னதில் பிழை காண எனக்குத் தகுதி இல்லை. நான் படித்ததே அந்த வித்தைதான், பேப்பர் போட்டவர் நினைத்ததைச் சொல்வது. யதுவுக்கும் அதைப் பழக்கிவிட்டால் முடிந்தது.

அந்தக் கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்கு மிதிவெடி விழிப்புணர்வுக் குழு ஒன்று வந்தது. வருடம் ஒருமுறை வருவார்கள். மண்டபத்தில் பிள்ளைகளை இருத்திப் படங்கள் காட்டிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி. “வழியில தெரியாத சாமான் ஒண்டு கிடந்தால் என்ன செய்வீங்கள்?”

யதுவின் கைதான் முதலில் உயர்ந்தது. தொடமாட்டன், கிட்டப் போகமாட்டன், வந்த காலடியிலயே திரும்பி வருவன். ஒரு சொல் மாறவில்லை. மண்டபம் கைதட்டியது. பரிசாக ஒரு மதிய உணவுப் பெட்டி, மூடியில் வண்ணத்துப்பூச்சி.

நான் அதிபரைப் பார்த்தேன். அதிபர் கூரையைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். வசந்தி ரீச்சர் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். புஸ்பராணி அக்கா பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் வளவுக்குப் பின்னால், குளக்கட்டுக்கு அப்பால், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் இன்னும் துப்புரவு முடியவில்லை. விறகுக்குப் போகிற பிள்ளைகள் அந்தப் பலகைகளின் ஓரத்தால்தான் போக வேண்டும்.

“எடுப்பேன்னு அவ வாயால சொல்லணுமா?”

“ஓம் அக்கா. சொல்லுறதுதான். செய்யிறதில்லை.”

“சொல்லிச் சொல்லித்தானே பழகுது.” மடியிலிருந்த கச்சான் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். “வேணாம் தங்கச்சி. பூச்சியம்னா பூச்சியம். இந்த மண்ணுல கெடக்கிற எதையும் எடுக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இரண்டாம் முறை

சுபா மிஸ் சொன்னபடி வந்தார். இந்த முறை புஸ்பராணி அக்காவையும் உள்ளே விட்டார். கோப்பு அவர் மேசைக்குக் கீழே இருந்தது. தொடங்குமுன் யதுவுக்குத் தண்ணீர் கொடுத்து, ஆட்டுக்குட்டிகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தார். இதெல்லாம் கையேட்டில் இல்லாமல் இல்லை. முதல் தடவை அவருக்கு அன்றே இன்னும் மூன்று பள்ளிக்கூடம் இருந்தது, அதுதான்.

அக்கா மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுச் சொன்னார், “யது, இவங்க நம்ம ரீச்சர் மாதிரித்தான். கேக்குறதுக்கெல்லாம் சொல்லு. தெரிஞ்சத ஒளிக்காத.”

எத்தனை வருடத்துப் பாடத்தை அவர் அந்த ஒரு வரியில் அழிக்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

யது தாயை ஏற இறங்கப் பார்த்தாள். “எல்லாமா?”

“எல்லாம்.”

“மாட்டையும் சொல்லவா?”

“மாட்டையும் சொல்லு சனியனே!”

சுபா மிஸ்ஸுக்கு விளங்காவிட்டாலும் சிரித்தார். பிறகு யது வாய் திறந்தாள். அரிசி நெல்லிலிருந்து வரும். எந்த நெல்லு, ஈரமாய் அரைத்தால் ஏன் உடையும், எந்த மில்காரர் தவிடு தரமாட்டார், எல்லாம் வந்தது. “காணும் காணும்” என்று சுபா மிஸ் கை காட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

கடைசியில் அந்தக் கேள்வி. இந்த முறை பொதிக்குப் பதில் பை. யது சொன்னது அதே பதில். சுபா மிஸ் பென்சிலைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“கையேட்டில இல்லை ரீச்சர். பூச்சியம்தான் போடோணும்.”

“போடுங்கோ மிஸ்,” என்றேன். வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளை மறந்துபோயிற்று.

யது மேசையில் நாடியை ஊன்றிக்கொண்டு கேட்டாள், “மிஸ், நீங்க எண்டால் எடுப்பீங்களா?”

சுபா மிஸ் யன்னலால் வெளியே பார்த்தார். “இஞ்ச எண்டால் எடுக்கமாட்டன்.”

“நான் இஞ்சதானே இருக்கிறன்.”

பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பூச்சியத்தைப் போட்டது.

புதிய எண் வந்தது. பழையதை விட நன்றாக மேலே. விசேட அலகு தேவையில்லை, இதே வகுப்பில் தொடரலாம். பழகியதற்கென்று கொஞ்சம் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறாது என்று சுபா மிஸ் எழுதியிருந்தார். வசந்தி ரீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்ன குடுத்தனீர் அந்தப் பிள்ளைக்கு? வல்லாரையோ?”

“தண்ணி குடுத்தது. கோப்பு மேசைக்குக் கீழ போனது.”

அவர் நம்பவில்லை. தன் மகனுக்கு வல்லாரை வாங்கப் போனார்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு எண். இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒரே பென்சில். நான் அன்று ஸ்கூட்டியை எடுத்திருக்காவிட்டால் முதல் எண்தான் யது. ஸ்கூட்டி எடுக்க ஆளில்லாத பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் இன்றைக்கும் “தெரியாது” என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்?

மறுபடி மாடு

இந்தக் கதையை இங்கே முடித்திருப்பேன். போன கிழமை புஸ்பராணி அக்கா தொலைபேசி எடுத்தார். வீட்டுத் திட்டத்துக்கு மறுபடி ஆட்கள் வந்தார்களாம்.

“இவ வாய மூடுறாளில்ல தங்கச்சி! நான் கதைக்க முந்தி இவ கதைக்கிறா!”

“என்ன சொன்னவள்?”

“மாடு இருக்கான்னாங்க. ‘முத்தத்தில நிக்குது, ஆனா எங்கட இல்லை, பக்கத்து வீட்டு மாமான்ர. அவைக்கு வீடு கிடைச்சிட்டுது, மரம்தான் இல்லை’ங்கிறா. அந்த மாமா வேலிக்கு அங்கிட்டு நிக்கிறாரு! டிவி இருக்கான்னாங்க. சாமிப்படத்தத் தூக்கி வச்சிட்டு, ஓடாதுன்னு சுவிச்ச அமத்தியே காட்டிட்டா!”

“நல்லதுதானே அக்கா.”

“நல்லதா? மாமா மூணு நாளா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாரு. வந்தவங்க சிரிச்சுக்கிட்டே எழுதிட்டுப் போனாங்க. நல்லதுக்குச் சிரிச்சாங்களா, கெட்டதுக்குச் சிரிச்சாங்களா?” பின்னால் பசு கத்துவது கேட்டது. “ஒன்னயக் கேட்டுத்தான் அவளப் பேசச் சொன்னேன். நீ படிச்சவ. சொல்லு, இந்தத் தடவையாவது வீடு கெடைக்குமா?”

எங்கள் குடும்பத்திலேயே முதல் படித்தவள், நுண்ணறிவுத் தாளில் கூடிய புள்ளி எடுத்தவள், தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“தெரியாது அக்கா,” என்றேன்.